திரும்பி வரும் கான்கிரீட்

திருப்பூர் ராயபுரத்தில் பனியன் கம்பெனியும் குடோனும் வீடுகளும் சுவரோடு சுவராக நிற்கின்றன. இப்படிப்பட்ட தெருவில் ஜல்லியையும் எம்-சாண்டையும் வாசலில் கொட்டி, மிக்சர் மெஷினை நடுத்தெருவில் நிறுத்தி, நாள் முழுக்கத் தளம் போடுவது சிரமமான வேலை. ஊர் எல்லையில் இருக்கும் பிளான்ட்டில் கலந்து, சுழலும் டிரம் வண்டியில் வந்து இறங்கும் ரெடிமிக்ஸ் கான்கிரீட் இந்தச் சிரமத்தைப் போக்குகிறது. காலையில் சென்ட்ரிங் பலகை, மதியத்துக்குள் தளம் முடிந்துவிடும். தளம் நிறைந்த பிறகு டிரம்முக்குள் மிஞ்சி நிற்கும் கலவை எங்கே போகிறது என்பதைக் கட்டுபவரும் கேட்பதில்லை, மேஸ்திரியும் கேட்பதில்லை. இன்னும் இறுகாத, நல்ல நிலையில் உள்ள அந்தக் கலவையைப் புதுக் கலவையோடு சேர்த்துப் பயன்படுத்த முடியுமா, முடியுமென்றால் எந்த வரம்புக்குள், யார் பொறுப்பில் என்பதே இங்கே ஆராயப்படும் கேள்வி. முடியும் என்பதற்குச் சான்றுகள் போதிய அளவு இருக்கின்றன. நம் ஊரில் அது நடக்காததற்குக் காரணம் தொழில்நுட்பக் குறை அல்ல. மிஞ்சிய கலவைக்கு யாரும் கணக்கு எழுதுவதில்லை என்பதுதான் காரணம்.

கலவை மிஞ்சுவதற்கு மூன்று வழிகள் உண்டு. தளத்தின் நடுவில் குறைந்துவிடக் கூடாது என்ற அச்சத்தில் அரை கன மீட்டர், ஒரு கன மீட்டர் கூடுதலாகச் சொல்லிவிடுவது முதல் வழி. நெரிசலிலோ பம்ப் பழுதிலோ நேரம் கடந்து, கலவை இளக்கம் இழந்து, பொறியாளர் வேண்டாமென்று திருப்பி அனுப்புவது இரண்டாவது. முழுவதும் இறக்கிய பிறகும் டிரம்மின் உட்சுவரிலும் இறக்கைகளிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் இருநூறு, முந்நூறு கிலோ சாந்து மூன்றாவது. அமெரிக்க ரெடிமிக்ஸ் சங்கத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வு, உற்பத்தியில் 2 முதல் 10 சதவீதம் வரை திரும்பி வருவதாகவும் சராசரி 5 சதவீதம் இருக்கலாம் என்றும் மதிப்பிட்டது. அந்த நாட்டுக் கணக்கை அப்படியே நம் ஊருக்குப் பொருத்துவது சரியல்ல. குறைந்த மதிப்பான 2 சதவீதத்தையே வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 200 கன மீட்டர் கலக்கும் பிளான்ட் ஒன்றில் 4 கன மீட்டர் திரும்பும். கன மீட்டருக்கு 2.4 டன் என்றால் கிட்டத்தட்ட பத்து டன். கன மீட்டருக்கு 320 கிலோ சிமெண்ட் என்று வைத்தால், தினமும் 25 மூட்டை சிமெண்ட் வீணாகிறது. ஒரு மாதத்துக்கு இதைப் பெருக்கிப் பார்த்தால், சின்ன விஷயம் என்று யாராலும் ஒதுக்க முடியாது.

இந்த 25 மூட்டைதான் என் வாதத்தின் மையம். கான்கிரீட்டின் எடையில் சிமெண்ட் எட்டில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கிறது. ஆனால் விலையில் பெரும்பகுதியும், கரியமில வாயுக் கணக்கில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேலும் அதனுடையவை. ஒரு டன் கிளிங்கர் சுடும்போது 0.8 டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. அதில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதல்ல, சுண்ணாம்புக் கல்லே பிரிந்து விடுவது. ஆகவே எரிபொருளை மாற்றினாலும் அது போகாது. மிஞ்சிய கான்கிரீட்டை மீட்கும் ஒவ்வொரு முறையையும் எடைபோடும்போது ஜல்லி எவ்வளவு மீண்டது என்பதை மட்டும் பார்த்தால் தவறான விடை கிடைக்கும். சிமெண்ட்டின் பிடிப்புச் சக்தி எவ்வளவு காப்பாற்றப்பட்டது என்பதே முதல் அளவுகோலாக இருக்க வேண்டும்.

அந்தப் பிடிப்புக்குக் கெடு குறுகியது. தண்ணீர் பட்டதும் சிமெண்ட் வேதிவினையைத் தொடங்குகிறது. முதல் சில நிமிடச் சுறுசுறுப்புக்குப் பிறகு இரண்டு, மூன்று மணி நேரம் அடங்கிக் கிடக்கிறது. கலவை டிரம்மில் சுழன்றபடி பயணம் செய்ய முடிவது இந்த இடைவேளையால்தான். ரெடிமிக்ஸுக்கான இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 4926:2003, ஏற்றிய நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கலவை இறக்கப்பட வேண்டும் என்று பொதுவாக வரையறுத்து, தாமதப்படுத்தும் ரசாயனம் சேர்த்தால் நீட்டிப்புக்கு இடம் தருகிறது. சித்திரை வெயிலில் இந்த இடைவேளை இன்னும் சுருங்கும். இந்த இடத்தில்தான் சர்க்கரையின் பங்கு வருகிறது. சிமெண்ட்டில் மிகச் சிறிய அளவு சர்க்கரை கலந்தாலே இறுகுவது தள்ளிப் போகும் என்பது பழைய கட்டுமான அறிவு. (நம் முன்னோர் சுண்ணாம்புச் சாந்தில் கருப்பட்டியும் கடுக்காயும் கலந்தது வேறு நோக்கத்துக்காக. அதையும் இதையும் ஒன்றாக்கிப் பெருமை பேசுவது சரியல்ல.) சர்க்கரையின் உறவினர்களான குளுக்கோனேட் உப்புகளையும் பாஸ்போனேட்டுகளையும் கொண்டு, வினையை முழுதாக நிறுத்தி வைக்கும் நிலைநிறுத்தி ரசாயனங்கள் 1980களின் இறுதியில் சந்தைக்கு வந்தன. திரும்பிய கலவையில் இதைச் சரியான அளவில் சேர்த்தால் சில மணி நேரமோ, ஓர் இரவோ, தேவையானால் அதற்கும் மேலோ அது இறுகாமல் நிற்கும். மறுநாள் அதன்மேல் புதுக் கலவையை ஏற்றினால் புதுச் சிமெண்ட்டோடு சேர்ந்து பழையதும் வினையைத் தொடரும். அமெரிக்காவில் இதற்கென்றே ஏ.எஸ்.டி.எம். சி1798 என்ற தனித் தரநிர்ணயம் இருக்கிறது. ஆய்வுக்கூட நிலையைத் தாண்டி, எழுதப்பட்ட நிபந்தனைகளோடு நடக்கும் வணிக நடைமுறை இது.

இதற்கு அடுத்த படி கழுவிப் பிரிப்பது. திரும்பிய வண்டியை ரீகிளெய்மர் என்ற பிரிப்பு இயந்திரத்தில் கொட்டித் தண்ணீர் விட்டால் ஜல்லியும் மணலும் தனியே வரும், சிமெண்ட் கரைந்த சேற்று நீர் தொட்டிக்குப் போகும். இதற்காக வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998இலிருந்து இயங்கும் ஸ்விங் ஸ்டெட்டர் இந்தியா நிறுவனம் கலவை பிளான்ட்டுகளோடு இத்தகைய மறுசுழற்சி இயந்திரங்களையும் விற்கிறது. இந்த முறையில் கற்கள் முழுமையாக மீளும், சிமெண்ட்டின் பலம் முழுமையாகப் போய்விடும். மூன்றாவது முறை இத்தாலியிலிருந்து வந்தது. மாபெய் நிறுவனம் உருவாக்கிய இரு பொடிகளைத் திரும்பிய வண்டியின் டிரம்மிலேயே போட்டுச் சில நிமிடங்கள் சுற்றினால், ஒரு பொடி நீரை உறிஞ்ச, மற்றது இறுகுவதை முடுக்க, கலவை முழுவதும் உருண்டை உருண்டையான ஜல்லியாகிவிடும். கழுவு நீரே கிடையாது என்பது இதன் சிறப்பு. ஆனால் இங்கும் சிமெண்ட் வெறும் கல்லாகத்தான் மாறுகிறது. கடைசி முறை, கொட்டி இறுகவிட்டுப் பிறகு உடைத்து ஜல்லியாக்குவது. ஐ.எஸ். 383:2016 இத்தகைய உடைத்த கான்கிரீட் ஜல்லியைக் கம்பியில்லாக் கான்கிரீட்டில் 25 சதவீதம் வரையும், எம்25 வலுத்தரம் வரையிலான கம்பிக் கான்கிரீட்டில் 20 சதவீதம் வரையும், எம்15க்குக் குறைந்த மெலிந்த கலவையில் முழு அளவிலும் அனுமதிக்கிறது. தரநிர்ணயம் தெளிவாக வழிவிட்டிருப்பது இந்தக் கடைசி முறைக்கே. நான்கில் பயன் மிகக் குறைந்ததும் இதுவே.

இந்த நான்குக்கும் வெளியே, நம் ஊரில் உண்மையில் நடப்பது வேறு. மிஞ்சியதை டிரைவர் வழியில் யாராவது ஒருவர் வீட்டு முற்றத்துக்கோ காலி மனைக்கோ இறக்கிவிடுவார். அல்லது பிளான்ட்டில் வார்ப்புப் பெட்டிகளை வைத்து வேலிக்கால், ஓரக்கல், தரைக்கல் செய்வார்கள். வீணாக்காத மனம் இதில் தெரிகிறது, அதை மதிக்க வேண்டும். ஆனால் தரைக்கல்லுக்கான ஐ.எஸ். 15658, வண்டி ஓடாத நடைபாதைக்கே எம்30 வலுக் கேட்கிறது. இளக்கம் இழந்த எம்20 கலவையை அச்சில் குத்தி வார்த்த கல் ஓரிரு மழைக்காலத்தில் பொரிந்து போனால் அதைச் சேமிப்பு என்று சொல்ல முடியாது. இதைவிடக் கெடுதலானது, கலவை கெட்டியாகிவிட்டது என்று தளத்திலேயே பைப்பை வைத்துத் தண்ணீர் விடுவது. பார்வைக்குக் கலவை மீண்டும் இளகும். ஆனால் கன மீட்டருக்கு 5 லிட்டர் கூடுதல் நீர் ஏறினாலே ஒன்றிலிருந்து ஒன்றரை மெகாபாஸ்கல் வரை வலு குறையும் என்பது துறையில் புழங்கும் கணக்கு. மிஞ்சியதை மீட்பது என்ற பெயரில் நடக்கும் இந்த வேலையைக் கண்டிப்பாக நிறுத்த வேண்டும். நிலைநிறுத்தி ரசாயனம் வினையை நிறுத்துகிறது. தண்ணீரோ நடந்துவிட்ட வினையை மறைக்கிறது.

இனி தண்ணீர். திருப்பூரில் கட்டுமானப் பொருள் பற்றிய எந்தப் பேச்சும் கடைசியில் தண்ணீரில்தான் வந்து நிற்கும். கான்கிரீட் கழுவிய நீரின் பி.எச். 12ஐத் தாண்டும். உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீருக்கு நம் சட்ட வரம்பு 5.5 முதல் 9 வரை, மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராம். கழுவு நீர் இந்த இரண்டு வரம்புகளையும் பல மடங்கு மீறுகிறது. நொய்யல் ஆறு ஏற்கெனவே பட்ட பாட்டை இந்த மாவட்டத்தார்க்குச் சொல்ல வேண்டியதில்லை. பாசனத்துக்காக அதன் குறுக்கே 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவுநீரின் தேக்கமாக மாறியது. உழவர்களின் நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பிறகு 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறைக்கு வந்த பிறகே தொழில் மீண்டது. சாய உப்பையும் தண்ணீரையும் பிரித்தெடுத்துத் திரும்பப் பயன்படுத்துவது முடியாது, கட்டுப்படியாகாது என்று அன்று சொல்லப்பட்டவை எல்லாம் இன்று அன்றாட நடைமுறையாகிவிட்டன. கான்கிரீட் பிளான்ட்டின் கழுவு நீர் சாயக் கழிவோடு ஒப்பிட்டால் அளவில் மிகச் சிறியது, கையாளவும் எளிது. பெரிய பாரத்தைச் சுமந்த ஊர் சின்னப் பாரத்தைச் சுமக்க முடியாது என்று சொன்னால் ஏற்க முடியவில்லை.

கழுவு நீரைப் புதுக் கலவைக்கே பயன்படுத்துவதுதான் நேரான வழி. இங்கே தரநிர்ணயங்களை ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு முக்கியமான இடைவெளி தெரிகிறது. அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். சி1602, கலவை நீரில் மொத்தத் திடப்பொருள் பத்து லட்சத்தில் 50,000 பங்கு வரை, அதாவது 5 சதவீதம் வரை இருக்கலாம் என்கிறது. ஜப்பானின் ஜே.ஐ.எஸ். ஏ 5308, சேற்றுத் திடப்பொருள் சிமெண்ட் எடையில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. ஐரோப்பாவின் இ.என். 1008, மொத்தக் கல்-மணல் எடையில் 1 சதவீதம் என்று வைத்திருக்கிறது. ஒரு கன மீட்டரில் 160 லிட்டர் நீர், 350 கிலோ சிமெண்ட், 1800 கிலோ கல்-மணல் என்று வைத்துக் கணக்குப் போட்டால் அமெரிக்க வரம்பு 8 கிலோ, ஜப்பானிய வரம்பு பத்தரைக் கிலோ, ஐரோப்பிய வரம்பு 18 கிலோ வரும். வெவ்வேறு நாடுகள் வெவ்வேறு அளவுகோல் வைத்தும் ஏறத்தாழ ஒரே வட்டாரத்தில் வந்து நிற்கின்றன என்பது அந்த அளவு பாதுகாப்பானது என்பதற்கு நல்ல சான்று. நம் ஐ.எஸ். 456:2000 மிதக்கும் திடப்பொருளை லிட்டருக்கு 2000 மில்லிகிராமில் நிறுத்துகிறது. அதே 160 லிட்டருக்கு இது 320 கிராம்தான். கிணற்று நீரையும் குழாய் நீரையும் மனதில் வைத்து எழுதப்பட்ட வரம்பு இது. பிளான்ட்டில் கலக்கிச் சுழலும் சிமெண்ட் சேற்று நீருக்குத் தனி விதி தேவை. அதுவரை படியவைத்துத் தெளிந்த நீரை மட்டும், அதுவும் நல்ல நீரோடு கலந்து பயன்படுத்துவதே தரநிர்ணயத்துக்கு உட்பட்ட வழி. ஐ.எஸ். 456 இன்னொரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. ஐயமுள்ள நீரில் கலந்த சிமெண்ட்டின் ஆரம்ப இறுக்க நேரம், காய்ச்சி வடித்த நீரில் கலந்ததிலிருந்து அரை மணி நேரத்துக்கு மேல் மாறக் கூடாது. 28 நாள் கட்டை வலு, காய்ச்சி வடித்த நீரில் செய்த கட்டையின் வலுவில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இந்தச் சோதனைகளைச் செய்து பதிவு வைப்பது எந்தப் பிளான்ட்டுக்கும் இயலாத காரியமல்ல.

திருப்பூருக்கென்று தனி எச்சரிக்கை ஒன்றும் இங்கே சொல்லியாக வேண்டும். இந்த வட்டாரத்து நிலத்தடி நீரில் குளோரைடும் சல்பேட்டும் பல இடங்களில் கூடுதல். போர் தண்ணீரில் வண்டியைக் கழுவி, அதையே படியவைத்து, மறுநாளும் அதையே சுற்றவிட்டால் உப்பு சேர்ந்துகொண்டே போகும். கம்பிக் கான்கிரீட்டுக்கான கலவை நீரில் குளோரைடு வரம்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம். கம்பியில்லாததற்கு 2000. சல்பேட்டுக்கு 400. இவற்றைத் தாண்டினால் வலுச் சோதனையில் கட்டை தேறிவிடும், ஆனால் பத்தாண்டு கழித்துக் கம்பி துருவேறித் தளம் பிளக்கும். ஆகவே கழுவு நீரை மீண்டும் பயன்படுத்தும் பிளான்ட் வாரந்தோறும் குளோரைடு பார்க்க வேண்டும் என்பது இந்த ஊரில் சலுகை கொடுக்கக் கூடாத நிபந்தனை. நீரில் கரைந்த உப்பின் அளவைக் குறிக்கும் டி.டி.எஸ். என்ற சொல்லைச் சாயப்பட்டறை வாசலில் கேட்டு வளர்ந்த ஊருக்கு இதைப் புரியவைப்பது கடினமல்ல.

இப்போது மறுப்புகள். வலுவானது வீடு கட்டுபவருடையது: "நான் காசு கொடுத்து எம்25 கேட்டேன், யாருக்கோ மிஞ்சியதை என் தலைக்கு மேல் ஏன் போடுகிறாய்?" இந்தக் கேள்வியை அறியாமை என்று தள்ளக் கூடாது. திரும்பிய கலவையின் வயது, வெப்பம், தளத்தில் அதில் சேர்ந்த தண்ணீர் ஆகியவை தெரியாமல் அதைப் புதுக் கலவையில் கரைத்துவிடுவது ஏமாற்றுத்தான். அதனால் இந்த முறைக்கு நான் ஆதரவு சொல்வது மூன்று நிபந்தனைகளோடு. தளத்தில் தண்ணீர் விட்ட கலவை, எவ்வளவு விட்டார்கள் என்ற பதிவு இல்லையென்றால், கழுவிப் பிரிப்பதற்கு மட்டுமே போக வேண்டும். நிலைநிறுத்திய கலவை அதே வகைச் சிமெண்ட்டோடும் அதற்குச் சமமான அல்லது குறைந்த வலுத்தரத்தோடும் மட்டுமே சேர வேண்டும். பி.பி.சி. வகைச் சிமெண்ட் கலவையை ஓ.பி.சி. வகைக் கலவையில் கொட்டுவது, எம்20ஐ எம்30இல் கரைப்பது கூடாது. மூன்றாவதாக, எத்தனை சதவீதம் சேர்ந்தது என்பது வண்டியோடு வரும் டெலிவரிச் சீட்டில் அச்சாக வேண்டும். வாங்குபவர் வேண்டாமென்று சொல்லவும், சம்மதித்தால் விலையில் தள்ளுபடி கேட்கவும் உரிமை வேண்டும். மறைத்துச் செய்தால் ஒரே ஒரு தளம் கசிந்தாலும் முறையே பழிக்கு ஆளாகும். பொறியாளர் இன்னும் தயங்கினால் அடித்தளத்துக்குக் கீழே போடும் மெலிந்த கான்கிரீட், தரை, சுற்றுச்சுவர் அடிப்பாகம் என்று தொடங்கலாம். ஒவ்வொரு கட்டடத்திலும் இவற்றுக்கு இடமிருக்கிறது. கூரைத் தளத்தில் தொடங்கியே ஆக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

செலவு அடுத்த மறுப்பு. ரீகிளெய்மர் விலை அதிகம், நாளுக்கு நூறு கன மீட்டர் கூடக் கலக்காத பிளான்ட்டுக்குத் தாங்காது என்பார்கள். உண்மைதான். ஆனால் என் வரிசையில் முதலில் நிற்பது ரீகிளெய்மர் அல்ல. நிலைநிறுத்தி ரசாயனத்துக்கு இயந்திரம் தேவையில்லை. ஓர் அளவுக் குடுவையும் வெப்பமானியும் நேரம் எழுதும் பயிற்சி பெற்ற ஓர் ஆளும் போதும். மூன்று அறைகொண்ட படிவுத் தொட்டியை எந்த மேஸ்திரியும் கட்டிவிடுவார். எல்லாவற்றுக்கும் முன்னால், அளவைச் சரியாக எடுத்து ஆர்டர் கொடுத்தால் மிஞ்சுவதே நிறையக் குறையும். தளத்தின் கடைசி வண்டிக்கு முன் நின்று, மீதிப் பரப்பை அளந்து, அதற்கேற்ப அளவு சொல்வது செலவே இல்லாத சீர்திருத்தம். சிறு பிளான்ட்டுகள் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் போலப் பொது ரீகிளெய்மர் வைத்துக்கொள்ளலாமே என்றும் தோன்றும். அதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. சாய நீர் குழாயில் போகும், அது காத்திருக்கும். கான்கிரீட் காத்திருக்காது.

கல் மலிவு, இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்பவருக்குப் பல்லடம் பக்கம் காரணம்பேட்டை, கோடங்கிபாளையம் வட்டாரத்தைக் காட்டலாம். நம் தளங்களுக்கான ஜல்லியும் எம்-சாண்டும் அங்கிருந்துதான் பெருமளவு வருகின்றன. குவாரி வெடியாலும் தூசியாலும் விவசாயம் பாழாகிறது என்று அங்குள்ள உழவர்கள் போராடி வருகிறார்கள். பத்து டன் நல்ல கலவையைத் தினமும் கொட்டிவிட்டு, அதற்கு ஈடாக இன்னொரு பத்து டன் பாறையை உடைக்கும்போது, அதன் உண்மை விலையின் ஒரு பகுதியை அவர்கள்தான் கொடுக்கிறார்கள்.

சட்டம் இந்தக் கேள்வியை இன்னும் நேராகப் பார்க்கவில்லை. 2016ஆம் ஆண்டின் கட்டுமான, இடிபாட்டுக் கழிவு விதிகள் இடிபாட்டையே மனதில் வைத்து எழுதப்பட்டவை. சென்னையில் பெருங்குடி, கொடுங்கையூர் நிலையங்கள் செய்வதும் இடிபாட்டை உடைத்துப் பிரிக்கும் வேலைதான். 2025இல் அறிவிக்கப்பட்டு, 2026 ஏப்ரல் 1ஐ நடைமுறைத் தேதியாகக் கொண்ட புதிய விதிகள் உற்பத்தியாளர் பொறுப்பைக் கொண்டுவருகின்றன, ஆனால் 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களுக்கு மட்டும். ராயபுரத்தில் எழும்பும் மூன்று மாடிக் கட்டடங்கள் எதுவும் அந்த வரம்பை எட்டாது. ஆனால் எட்டாத பல கட்டடங்களுக்கு ஒரே பிளான்ட்தான் கலவை தருகிறது. எனவே பொறுப்பைக் கட்டடத்தில் தேடுவதைவிடப் பிளான்ட்டில் வைப்பதே பொருத்தம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வொரு ரெடிமிக்ஸ் பிளான்ட்டுக்கும் இயக்க இசைவு புதுப்பிக்கும்போது, மாதம் எவ்வளவு கலவை திரும்பியது, அதில் எவ்வளவு ஈரமாகவே மீண்டும் சேர்ந்தது, எவ்வளவு கழுவப்பட்டது, கழுவு நீரின் குளோரைடு எவ்வளவு என்ற நான்கு எண்களைக் கேட்டாலே நிலைமை மாறத் தொடங்கும். சாயப்பட்டறைகளின் கழிவுநீர்க் கணக்கைக் கேட்டு வாங்கிப் பழகிய வாரியத்துக்கு இது புதிய வேலை அல்ல.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு காரியம் வீடோ கம்பெனியோ கட்டுபவர் கையில் இருக்கிறது. ரெடிமிக்ஸ் ஆர்டர் கொடுக்கும்போது விலையும் தரமும் கேட்பதோடு, மிஞ்சினால் என்ன செய்வீர்கள், வண்டியை எங்கே கழுவுவீர்கள் என்று இரண்டு கேள்வி சேர்த்துக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த பிளான்ட்டுக்கு ஆர்டர் கொடுங்கள்.